கிளி எடுக்கட்டும், கேம் மாஸ்டர் காத்திருக்கட்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை விளையாட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாய்ப்பேச்சாலேயே ஒரு கற்பனை உலகத்தில் உலவுவார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி என்று ஆளுக்கொரு பாத்திரம். அந்த உலகத்தின் ஊர்களும் அரக்கர்களும் பொறிகளும் ரகசியங்களும் கேம் மாஸ்டர் என்ற ஒருவர் பொறுப்பில் இருக்கும். யார் முயற்சி பலித்தது, யாருடையது தவறியது என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கி 1974ல் வெளிவந்த விளையாட்டு இது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'ஆகுரி' என்றொரு மந்திரம் இருக்கிறது. 25 பொற்காசு பெறுமானமுள்ள குறி பொறித்த குச்சிகளையோ எலும்புகளையோ பூசாரிப் பாத்திரம் போட்டுப் பார்க்கும். அடுத்த அரைமணி நேரத்துக்குள் செய்யப்போகும் காரியம் நன்மையா, தீமையா, இரண்டும் கலந்ததா, இரண்டும் இல்லையா என்று நான்கில் ஒரு பதில் கிடைக்கும். பதிலைச் சொல்பவர் கேம் மாஸ்டர். கதவுக்குப் பின்னால் பொறி வைத்ததும் அவரே. குச்சியும் எலும்பும் விதிப்புத்தகத்தின் பொருள் பட்டியலில் மட்டும் இருக்கின்றன. மேசையில் அவற்றை யாரும் போடுவதில்லை, எப்படி விழுந்தன என்று யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. கேள்வித்தாள் தயாரித்த ஆசிரியரிடமே போய் விடையைக் கேட்டுக்கொண்டு வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

உலகத்தின் பல மூலைகளில் மக்கள் குறி கேட்ட விதங்களைப் படிக்கப் படிக்க, இந்த விளையாட்டுகள் கோட்டைவிட்டது எதை என்று புரிகிறது. விசித்திரமாகத் தோன்றும் வழக்கங்கள் பெரும்பாலானவற்றில் பொதுவாக ஒன்று உண்டு. பதிலைத் தேர்ந்தெடுக்கும் வேலை, அந்தப் பதிலால் லாபமோ நட்டமோ அடையாத ஒரு கையில் ஒப்படைக்கப்படுகிறது. அந்தக் கை சிலந்தியாக இருக்கலாம், கரையானாக இருக்கலாம், கோழிக்குஞ்சாக, கிளியாக, பூப்பொட்டலத்தை எடுக்கும் சின்னக் குழந்தையாக இருக்கலாம். கேட்பவர், சொல்பவர், கூடியிருப்பவர் என யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒரு விடை நடுவில் வந்து விழுகிறது. அதற்குப் பொருள் சொல்வதுதான் மனிதர் வேலை. பாத்திரமேற்று விளையாடும் மேசைக்கு இந்த ஏற்பாட்டைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம். சிலந்தியின் படத்தையும் எலும்பின் வர்ணனையையும் மட்டும் கொண்டுவந்து, பதிலைப் பழையபடி கேம் மாஸ்டர் வாயிலேயே விட்டுவைத்தால் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும்.

கேமரூன் நாட்டு மம்பிலா மக்களின் சிலந்திக் குறியிலிருந்து தொடங்கலாம். மானுடவியலாளர் டேவிட் ஜைட்லின் 1980களிலிருந்து அவர்களிடையே ஆய்வு செய்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய சிலந்தியின் வளைவாயில், அடிப்பாகம் இல்லாத ஒரு பானையைக் கவிழ்ப்பார்கள். உள்ளே, குறிகள் வெட்டிய இலைச் சீட்டுகளைப் பரப்புவார்கள். ஒரு பக்கம் குச்சி, இன்னொரு பக்கம் கல். கேள்வி இரண்டு விடைகளில் ஒன்றைக் கோருவதாக இருக்கும்: குச்சி என்றால் இது, கல் என்றால் அது. பானையை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். சிலந்தி வெளியே வரும்போது சீட்டுகள் கலையும். எந்தச் சீட்டு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துக் குறிகாரர் பொருள் சொல்வார். நமக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்க நியாயமில்லை. நம் கோயில் வாசல்களிலும் கடற்கரைகளிலும் கூண்டிலிருந்து இறங்கி நடந்து வரும் கிளி செய்வதும் இதேதான். அது சீட்டை எடுக்கிறது, ஜோசியர் பிரித்துப் படித்துப் பலன் சொல்கிறார். ஜோசியரே சீட்டை எடுத்துக் கொடுத்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம்பமாட்டார். எடுப்பவரும் படிப்பவரும் வேறு வேறு என்பதில்தான் மொத்த நம்பிக்கையும் இருக்கிறது.

இதை மேசைக்குக் கொண்டுவருவது கடினமல்ல. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கதை உலகத்துக்குரிய சின்னங்களை மூன்று நான்கு சிறு அட்டைகளில் வரையட்டும்: பாலம், பசியோடிருக்கும் நாய், உடைந்த கிரீடம், கடன். அவற்றை ஒரு தட்டில் வைத்து, ஓரங்களில் ஒரு குச்சியும் ஒரு கல்லும் வைத்து, கிண்ணத்தால் மூடிக் குலுக்கட்டும். திறந்ததும் கல்லின் பக்கம் கடனும் நாயும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பேச வேண்டியது ஆட்டக்காரர்கள். கேம் மாஸ்டர் தட்டைத் தொடக்கூடாது, பொருள் சொல்லவும் கூடாது. அவர்கள் எந்தப் பொருளில் வந்து நிற்கிறார்களோ, அதைக் கதைக்குள் எடுத்துக்கொள்வது அவர் பொறுப்பு. நாய் யாருடையது, கடன் யாருக்குப் பட்டது என்று நான்கு பேர் பேசிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில், மாதக்கணக்காகக் கதையின் ஓரத்தில் கிடந்த வட்டிக்கடைக்காரரோ சத்திரக்காரரோ திடீரென்று முக்கியமானவராகிவிடலாம். அப்படி ஆவார் என்று கேம் மாஸ்டர் உட்பட யாருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

அசாண்டே மக்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் நுணுக்கமானது. தெற்குச் சூடான் பகுதியில் 1920களின் பிற்பகுதியில் அவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937ல் வெளியிட்ட நூல் மானுடவியலில் இன்றும் பாடமாக இருக்கிறது. அவர்களிடம் குறி கேட்பதற்குப் படிநிலைகள் இருந்தன. கையடக்கமான தேய்ப்புப் பலகை சட்டென்று பதில் தரும், ஆனால் அதை முழுதாக நம்புவதில்லை. அதற்கு மேல் கரையான்: இரண்டு வேறு மரங்களின் கிளைகளைப் புற்றுக்குள் செருகிவிட்டு வந்து, எதைக் கரையான் தின்றிருக்கிறது என்று மறுநாள் பார்ப்பார்கள். செலவில்லை, ஆனால் ஓர் இரவு பொறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே 'பெங்கே' என்னும் நஞ்சு. கோழிக்குஞ்சுக்கு நஞ்சைக் கொடுத்து, இது உண்மையென்றால் குஞ்சு சாகட்டும் என்று கேட்பார்கள். அத்தோடு முடிவதில்லை. இரண்டாவது குஞ்சை எடுத்துக் கேள்வியைத் திருப்பிப் போடுவார்கள்: முதல் பதில் உண்மையென்றால் இது பிழைக்கட்டும். ஒன்று செத்து ஒன்று பிழைத்தால்தான் தீர்ப்பு செல்லும். இரண்டும் செத்தாலோ இரண்டும் பிழைத்தாலோ செல்லாது. வழக்குகளில் அரசனின் நஞ்சுக்குறி சொல்வதே இறுதி. தன் வீட்டுக் காரியங்களையே இந்தக் குறியைக் கேட்டு நடத்திப் பார்த்ததாகவும், வாழ்க்கையை நடத்துவதற்கு வேறெந்த வழிக்கும் இது குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் எவன்ஸ்-பிரிட்சர்ட் எழுதியிருக்கிறார்.

ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர் கண்ணோடு இதைப் பாருங்கள். மலிவாகவும் வேகமாகவும் கிடைப்பது நிச்சயமில்லாதது. பொறுத்திருந்தால் கிடைப்பது சற்று உறுதியானது. உயிரும் பொருளும் கொடுத்து வாங்குவது தீர்ப்பாகவே நிற்கும். பணம், நேரம், நிச்சயம் மூன்றுக்கும் இடையிலான இந்தக் கணக்கை எத்தனையோ தலைமுறை மனிதர்கள் தங்கள் வழக்குவம்புகளில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். இரட்டைச் சோதனையை மேசையில் இரண்டு நாணயச் சுண்டல்களாக வைத்துக்கொண்டால், சரிபாதி முறை தீர்ப்பே கிடைக்காது. தெளிவான பதில் அரிதாகும்போது அதற்கு மதிப்பு கூடுகிறது. அடுத்த இரண்டு குஞ்சுகளுக்குக் காசு இருக்கிறதா, எதிரி நெருங்கும் வேளையில் இன்னொரு முறை கேட்க நேரம் இருக்கிறதா என்று ஆட்டக்காரர்கள் தவிக்கத் தொடங்குவார்கள். விதிப்புத்தகமும் இந்தத் தவிப்பைத் தொடாமல் இல்லை. நீண்ட ஓய்வு எடுக்காமல் ஆகுரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பதில் கண்டபடி வருவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 25 விழுக்காடு ஏறும் என்று ஐந்தாம் பதிப்பு சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பகடையை உருட்டுவதும் கேம் மாஸ்டர், அதுவும் மறைவில்.

எனக்கு எல்லாவற்றிலும் அருமையாகப்படுவது வாய்ச்சொல் கேட்கும் குறி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியஸ், அகாயா பகுதியின் ஃபாரை என்னும் சிற்றூரில் கண்ட வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். சந்தைவெளியில் ஹெர்மிஸ் கடவுளின் சிலை. குறி கேட்க விரும்புகிறவர் மாலையில் வந்து தூபம் போட்டு, விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றி, ஒரு காசு வைத்து, சிலையின் காதில் கேள்வியைச் சொல்வார். பிறகு தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சந்தையைக் கடப்பார். வெளியே வந்து கையை எடுத்ததும் முதலில் காதில் விழும் பேச்சுதான் கடவுளின் விடை. இங்கே தமிழ் வாசகர்களுக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான், அரசி காத்திருக்கிறாள். மாலையில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி வழிபட்டு, ஊர்ப்புறத்தில் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்டு நிற்கிறார்கள். குளிரில் தோளை அணைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆய்ச்சி, கட்டிப்போட்ட கன்றுக்கு ஆறுதல் சொல்கிறாள்: உன் தாய் இதோ வந்துவிடும் என்று. கன்றுக்குச் சொன்ன சொல் அரசிக்குரிய நற்சொல்லாகிறது. அரசன் வெற்றியோடு திரும்புவான் என்று முதியவர்கள் பொருள் கொள்கிறார்கள். சொன்னவளுக்கோ அரண்மனையில் என்ன நடக்கிறது என்ற நினைப்பே இல்லை. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். முதியவர்கள் எடுத்துச் சொல்லியும் அரசிக்கு அழுகை ஓயவில்லை. ஒரே சொல்லைச் சிலர் ஏற்கிறார்கள், கேட்க வேண்டியவள் ஏற்கவில்லை. கதை அந்த இடைவெளியில் நிற்கிறது.

விரிச்சி அரண்மனைக்கு மட்டும் உரியதாகவும் இருந்ததில்லை. ஆநிரை கவரப் புறப்படும் வீரர்கள் வழியில் ஒரு பாக்கத்தில் தங்கி விரிச்சி கேட்பதைத் தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பகைப்புலத்துக்குள் நுழையப்போகும் ஒரு சிறு கூட்டம், முந்தைய இரவு ஊரோரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. பாத்திரமேற்று விளையாட்டுகளில் வரும் சாகசக் குழுவின் நிலை அப்படியே இதுதான். மேசையில் செய்து பார்ப்பதற்கு இதைவிட எளிதான குறி இருக்க முடியாது. குறி கேட்கும் ஆட்டக்காரர் எழுந்து அறைக்கு வெளியே போகட்டும். உள்ளே இருப்பவர்கள் சாப்பாட்டைப் பற்றியோ பேருந்தைப் பற்றியோ வழக்கம்போலப் பேசட்டும். அவர் காதைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது முழுதாகக் கேட்கும் முதல் வாக்கியத்தை எழுதி மேசை நடுவில் வைக்க வேண்டும். 'இன்னும் வேகல, அஞ்சு நிமிஷம் விடு' என்பது அந்த வாக்கியமானால், அன்றைய ஆட்டம் முடிவதற்குள் அந்தச் சொற்கள் ஏதோ ஒரு வகையில் மெய்யாக வேண்டும். கோட்டைக்குள் பாய்வதற்கு முன் பொறுக்க வேண்டும் என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். தீயில் சிக்கிய யாரோ இன்னும் உயிரோடிருக்கிறார் என்று இன்னொருவர் சொல்வார். கேம் மாஸ்டருக்கும் அவர்களுக்கு இணையான வியப்புதான் வாய்க்கும்.

இதற்கு எழும் மறுப்புகள் லேசானவை அல்ல. முதலாவது, பகடை இருக்கும்போது சிலந்தி எதற்கு என்பது. யாருடைய விருப்பத்துக்கும் வளையாத கை என்றால், பகடையும் அதைத்தானே செய்கிறது? செய்கிறது. ஆனால் இருபது முகப் பகடையில் 17 விழுந்தால், அதற்கு என்ன பொருள் என்று யாரும் வாதாட முடியாது. பலித்தது என்று அர்த்தம், அவ்வளவே. குறிக்குத் தேவையானது, விழுந்த அடையாளத்துக்கும் அதன் பொருளுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இதை உணர்ந்த வடிவமைப்பாளர்களும் உண்டு. ஜொனாதன் ட்வீட் வடிவமைத்து 1995ல் வந்த எவர்வே விளையாட்டில் பகடையே கிடையாது. டாரட் சீட்டு போன்ற ஒரு கட்டிலிருந்து படச்சீட்டு எடுப்பார்கள். நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள். கேம் மாஸ்டரே இல்லாமல் தனியாக விளையாடுபவர்களைப் பார்த்தால் சான்று இன்னும் வலுக்கிறது. 2003ல் வந்த மித்திக், 2018ல் ஷான் டாம்கின் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்ன் போன்றவற்றில், உலகத்தைப் பற்றிய கேள்விகளை ஆட்டக்காரர் அட்டவணைகளிடம் கேட்டு, வந்த சொல்லுக்குத் தானே பொருள் கண்டு கதையை நகர்த்துகிறார். ரகசியம் அறிந்த கை ஒன்று இல்லாமல் போன இடத்தில், குறி கேட்கும் பழைய முறை தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது மறுப்பு கேம் மாஸ்டர்களுடையது, அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. வாரக்கணக்கில் உழைத்து ஒரு கதையைக் கட்டிவைத்திருக்கிறேன், ஒரு குலுக்கலில் அது சரிந்துவிட்டால் என்ன செய்வேன் என்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1983ல் ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய ரேவன்லாஃப்ட் என்னும் சாகசக் கதை இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டிவிட்டது. அதில் வரும் நாடோடிக் குறிகாரி சீட்டு எடுத்துச் சொல்வது உண்மையான சீட்டுக்கட்டிலிருந்து. முக்கியமான பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதை அந்தச் சீட்டுகள்தான் தீர்மானிக்கும். அதை விரித்து 2016ல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடில் 54 சீட்டுகள். அவற்றிலிருந்து ஐந்து எடுக்கப்படும். மூன்று சீட்டுகள் மூன்று அரும்பொருள்களின் இடத்தையும், ஒன்று துணைக்கு வரப்போகிறவரையும், ஒன்று எதிரியோடு மோதும் இடத்தையும் சொல்லும். ஒவ்வொரு விடைக்கும் ஆசிரியர்கள் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருப்பதால் கதை சரிவதில்லை; அடுத்த முறை ஆடும்போது வேறு கதையாகிறது. நாவலாசிரியர்களும் இப்படிச் செய்ததுண்டு. ஃபிலிப் கே. டிக் 1962ல் வெளிவந்த தி மேன் இன் தி ஹை காஸில் நாவலை எழுதும்போது, கதைத் திருப்பங்களுக்கு ஐ சிங் என்னும் சீனக் குறிநூலைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார். அந்த நாவல் ஹியூகோ விருது பெற்றது. முடிவு செய்யாமல் விட்டுவைத்த இடங்களில் மட்டும் குறியை அனுமதித்தால் போதும். எதை விட்டுவைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கேம் மாஸ்டரிடமே இருக்கிறது. அந்த உரிமையைக் குறி விழுவதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டும், விழுந்த பிறகு கூடாது.

நேரம் விரயமாகும் என்ற மறுப்பை எடுத்துக்கொண்டால், கரையான் புற்றுக்கு ஓர் இரவு ஆவது பாத்திரங்களின் நேரம், மேசையில் அது ஒரு வாக்கியம். அதைவிட, சடங்குக்குப் போகும் பாதையே சாகசமாகிவிடும் வழக்கங்களும் உண்டு. சுவீடனில், குறிப்பாக ஸ்மோலாந்து, பிளேக்கிங்கே பகுதிகளில், கிறிஸ்துமஸ் அல்லது புத்தாண்டுக்கு முந்தைய இரவில் வரப்போகும் ஆண்டைக் காணப் புறப்படும் நடை ஒன்று இருந்தது. பகலெல்லாம் இருட்டறையில் உண்ணாமல் இருந்து, நள்ளிரவில் தேவாலயத்துக்குத் தனியாக நடந்து, அதைச் சுற்றிவர வேண்டும். வழியில் பேய்ப்பன்றியும் ஓடைக்குதிரையும் எதிர்ப்படும் என்று நம்பினார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது போன்ற கட்டுப்பாடுகளும் உண்டு. சாகப்போகிறவர்களின் புதைகுழிகள் கண்ணில் படும். இதை அடிப்படையாக வைத்து சிமோகோ என்ற சுவீடன் நிறுவனம் 2013ல் இயர் வாக் என்ற கைபேசி விளையாட்டை உருவாக்கியது. குறியின் விலை பொற்காசாக இல்லாமல் பட்டினியாகவும் பயமாகவும் தனிமையாகவும் இருப்பதால், பூசாரி வகுப்பைச் சேராத எந்தப் பாத்திரமும் அதை முயன்று பார்க்கலாம். மந்திரப் பட்டியலில் இருக்கும் குறி அந்த மந்திரத்தைக் கற்கும் வகுப்பினருக்கு மட்டும் சொந்தம். நாட்டார் குறி துணிந்தவர்களுக்கெல்லாம் சொந்தம்.

குறியின் பலம் கூட்டத்திலும் இருக்கிறது என்பதை ரோமானியர்களின் புனிதக் கோழிகள் காட்டுகின்றன. கி.மு. 249ல் ட்ரெபனா கடற்போருக்கு முன் கோழிகள் தீனி தின்ன மறுத்தன; அது தீக்குறி. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர் அவற்றைக் கடலில் எறிந்தார் என்பது ரோமானிய எழுத்தாளர்கள் சொல்லிவந்த கதை. போரில் ரோம் 90க்கு மேற்பட்ட கப்பல்களை இழந்தது. அவர் விசாரிக்கப்பட்டு அபராதம் கட்டினார். கோழிகளுக்கு எதிர்காலம் தெரிந்ததா என்பது இங்கே கேள்வியில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் விழுந்த குறியை மீறுகிறவர், அதைப் பார்த்த ஒவ்வொரு மாலுமியின் துணிச்சலையும் சேர்த்துக் குலைக்கிறார். விளையாட்டிலும் குறியைப் பொதுவெளியில், ஊர்மக்களும் கூலிப்படையும் பார்க்க வைத்துக் கேட்கச் செய்யுங்கள். மீறினால் கூடவருபவர்களின் மனவுறுதி இறங்கும் என்று ஒரு விதி போதும்.

நான் மிகவும் கவலையோடு எடுத்துக்கொள்ளும் மறுப்பு வேறு. இவை வாழும் மக்களின் நம்பிக்கைகள். அவற்றை விளையாட்டுப் பொருளாக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. யொரூபா மக்களின் இஃபா முறையில் 256 அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமாக வரும் ஏராளமான பாடல்கள், பல ஆண்டுப் பயிற்சி பெற்ற பாபாலாவோ என்னும் குறிகாரர்கள் என்று ஒரு முழு அறிவுமரபே இருக்கிறது. யுனெஸ்கோ 2005ல் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அதைப் பகடை அட்டவணையாகச் சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். சுருக்கும்போது தொலைந்துபோவது அதன் உயிரேதான். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டு இரண்டாவது முறை கேட்பது, தேர்வை ஓர் உயிரினத்திடம் விடுவது, தற்செயலாகக் காதில் விழுந்த சொல்லை விடையாகக் கொள்வது ஆகியவை தனியொரு மக்களுக்குரிய தெய்வப் பெயர்களோ மந்திரங்களோ இல்லாமலும் நிற்கக்கூடிய வழிமுறைகள். ஃபாரையும் முல்லைப்பாட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுந்தவை என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே வழியை எட்டியிருக்கிறார்கள். பெயர்களையும் தெய்வங்களையும் அவற்றுக்கு உரியவர்களிடமே விட்டுவிட்டு, வழிமுறையை நம் கற்பனை உலகத்துக்கு ஏற்பப் புதிதாக உடுத்துவது நேர்மையானது. எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்பதையும் விளையாட்டுப் புத்தகத்திலேயே எழுதிவிட வேண்டும். அசாண்டே நஞ்சுக்குறியிலிருந்து பெண்கள் பெரும்பாலும் விலக்கி வைக்கப்பட்டதுபோன்ற உண்மைகளையும் மறைக்க வேண்டாம். யார் கேட்க அனுமதிக்கப்படுகிறார்கள் என்பது எந்தக் குறியிலும் அதிகாரத்தின் கேள்வி. கதைக்குள் அது எழுந்தால் நல்லது.

கடைசியாக, குறி தவறானால்? தற்செயலாக விழுந்த பதில், கேம் மாஸ்டர் மாற்ற முடியாத ஓர் உண்மைக்கு எதிராகப் போய்விட்டால் ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக உணரமாட்டார்களா? குறி தவறாது என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தால் உணர்வார்கள். நிஜ உலகில் அப்படி வாக்குக் கொடுத்தவர்கள் குறைவு. சீனத்தில் ஷாங் அரசர்கள் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் சூடு வைத்து, விரிசலைப் பார்த்துக் குறி கண்டார்கள். கேள்வி, அரசரின் கணிப்பு, சில சமயம் பிறகு உண்மையில் நடந்தது ஆகியவற்றை அதே எலும்பில் பொறித்து வைத்தார்கள். ஏறத்தாழ கி.மு. 1200ல் ஆண்ட வூ டிங், தன் மனைவி ஃபூ ஹாவின் பிரசவம் எந்தெந்த நாளில் நிகழ்ந்தால் நல்லது என்று கணித்தார். 31 நாள் கழித்து, அவர் சொன்ன நாள்களில் அல்லாமல் வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை என்று அந்த எலும்பு பதிந்திருக்கிறது. பெண் பிறந்ததை அப்படி எழுதிய மனம் நமக்கு ஒப்பாது. ஆனால் அரசர் விரும்பியபடி நடக்கவில்லை என்பதை அரண்மனையே பொறித்து வைத்திருக்கிறது. அசாண்டே மக்களிடமும் குறி பொய்த்தால் காரணங்கள் தயாராக இருந்தன: நஞ்சு கெட்டுப்போயிருக்கும், விலக்கை யாரோ மீறியிருப்பார்கள், சூனியம் குறுக்கிட்டிருக்கும். விளையாட்டில் இந்த மூன்றும் மூன்று புதிய கதைகள். விலக்கை மீறியது நம் குழுவிலேயே ஒருவர் என்றால் அந்த ஒன்றே பல வாரங்களுக்குப் போதும்.

தவறான குறியைக் கதையாக்குவதில் நம் அகப்பாடல்களைவிடத் தேர்ந்தவை எனக்குத் தெரியாது. தலைவி மெலிவதற்குக் காரணம் காதல். கேட்பவர்களுக்கு அது தெரியும், தாய்க்குத் தெரியாது. கட்டுவிச்சியை அழைத்து நெல் பரப்பிக் குறி பார்க்கிறார்கள், முருகன் அணங்கியதாகச் சொல்கிறார்கள், வேலன் வெறியாடுகிறான். குறி தவறு. ஆனால் குறுந்தொகையின் 23ஆம் பாடலில், குறி சொல்லும் அகவன் மகள் மலைகளைப் பாடிக்கொண்டு வரும்போது, தோழி அவளை இடைமறித்து, அவருடைய மலையைப் பாடினாயே, அந்தப் பாட்டை மறுபடி பாடு என்கிறாள். அந்த 'அவர்' யார் என்று தாய் யோசிக்கத் தொடங்குகிறாள். பாடலை எழுதிய ஔவையார் இங்கே, குறி சொல்ல வந்தவள் வாயால் வராத உண்மையைக் குறி கேட்கும் சடங்கின் நடுவே இன்னொருத்தி வாயால் வெளியே கொண்டுவந்துவிட்டார். இதைச் செய்ய கேம் மாஸ்டருக்கு ஒரு விதி போதும். குறி நடக்கும்போது மேசையில் இருக்கும் எந்தப் பாத்திரமும் ஒரே ஒரு முறை குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பவர் அதுவரை மற்ற பாத்திரங்களிடம் மறைத்துவைத்த ஏதோ ஒன்றை அந்தக் கேள்வி காட்டிக்கொடுக்க வேண்டும். சிலந்தித் தட்டாக இருந்தாலும் விரிச்சியாக இருந்தாலும், எந்தக் குறிமுறையோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். குறியின் பதில் பலித்ததா இல்லையா என்பதை ஆட்டத்தின் முடிவில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். குறுக்கிட்டவர் எதைக் காட்டிக்கொடுத்தார் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த வாரம் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு கேம் மாஸ்டர் வேறெதையும் தேட வேண்டியிருக்காது.